சூக்காத் தண்ணீரும் பானகமும்

சாலாக் செலாத்தானில் என் பெரியம்மா வீட்டு ஐஸ்பெட்டியின் கதவுத் தட்டில் இரண்டு போத்தல்கள் அருகருகே நிற்கும். ஒன்று மருந்துக்கடையில் வாங்கிய ஆப்பிள் சூக்கா, அதாவது வினிகர். தேன் கலந்தது, பொன்னிறம். மற்றது பழைய ரோஸ் சிரப் போத்தலைக் கழுவி அதில் ஊற்றிவைத்த பானகம். புளி, வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பெரியம்மாவே கரைத்தது. விடிந்ததும் வெறும் வயிற்றில் சூக்காத் தண்ணீர் ஒரு கிளாஸ். பசாருக்குப் போய் வெயிலில் திரும்பினால் பானகம் ஒரு கிளாஸ். அவருக்கு இனிப்புநீர் வந்து பன்னிரண்டு ஆண்டாகிறது.

"ஏம்மா, ரெண்டும் புளிப்புத்தானே? ரெண்டுமே ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க. நான் எதை வைக்கட்டும், எதை விடட்டும்?" என்று ஒருநாள் கேட்டார்.

அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கேள்வி எழுவதற்கு எங்கள் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இருக்காது. இது ஈயச் சுரங்க மண். அவசரகாலத்தில், 1950களில், சீனக் குடும்பங்களை வேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமங்களில் ஒன்று இங்கே எழுந்தது. சீன மளிகைக் கடைகளில் இன்றும் கறுப்பு சூக்கா அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் பன்றிக்காலும் போட்டு, இனிப்பான கறுப்பு சூக்காவில் மணிக்கணக்கில் வேகவைத்துக் கொடுப்பது கன்டோனியர் வழக்கம். மலாய் முஸ்லிம்களுக்கு சூக்கா நபிகள் நாயகம் பாராட்டிய தொடுகறி. அதனால் பேரீச்சம்பழ சூக்காவுக்கும் ஆப்பிள் சூக்காவுக்கும் அவர்களிடம் தனி மதிப்பு உண்டு. கொம்யூட்டர் ஏறினால் செபுத்தே, மிட் வேலி தாண்டி மூன்றாவது நிறுத்தம் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ். மளிகைக் கடை வாசலிலேயே உருண்டை வெல்லம், கருப்பட்டி, கொட்டை எடுத்த புளி எல்லாம் கிடைக்கும். இரண்டு புளிப்புகளுக்கும் நடுவே ரயிலில் மூன்று நிறுத்தம்தான் தூரம்.

நம் ஆட்களுக்கு சூக்கா மலாய்க்காரர் சொல் என்று தோன்றும். அது வடமொழியின் 'சுக்ர' என்ற புளிப்புச் சொல்லிலிருந்து கப்பலேறி இங்கே வந்தது. யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'வினாகிரி' போர்த்துக்கீசியர் விட்டுப் போனது. தமிழில் இதற்குப் பழைய பெயர் காடி. காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காடியும் புளித்ததுதான் என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

ஒப்பிடுவதற்கு முன்னால், இரண்டும் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பு நீர் சொட்டும். இறக்கிய கையோடு அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினால் அது குலா மெலாக்கா, அதாவது தென்னை வெல்லம். பானகத்துக்கு இனிப்பு ஆயிற்று. காய்ச்சாமல் விட்டுவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சில மணி நேரத்தில் அது கள். அந்தக் கள்ளையும் திறந்தபடி விட்டால், அசெட்டோபாக்டர் இனத்து நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு சாராயத்தை அசெட்டிக் அமிலமாக்கிவிடும். அது சூக்கா. ஒரே பாளை, ஒரே நீர்தான். நெருப்பிடம் போனது வெல்லமாயிற்று, காலத்திடம் போனது காடியாயிற்று. ஆப்பிள், மல்பெரி, மாதுளை எதுவானாலும் சூக்காவாகும் வழி இதேதான்: முதலில் சாராயம், பிறகு புளிப்பு. பழத்தில் இருந்த சர்க்கரை பெரும்பாலும் இந்த இரண்டு படிகளில் தீர்ந்துவிடும்.

இப்படித் தென்னை மரத்தடியில் வாழ்ந்த தோட்டப்புறத் தமிழர் ஏன் கள்ளுக்காடியை வீட்டுச் சமையலுக்குள் கொண்டுவரவில்லை? இலங்கையில் வந்திருக்கிறது, கோவாவில் வந்திருக்கிறது. எனக்குத் தோன்றும் காரணம் கசப்பானது. இந்த நாட்டில் கள் என்றால் தோட்டத்துக் கள்ளுக்கடை. கூலியைக் கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட இடம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் போன்றவர்களின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தின் ஒழிப்பும் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அதே கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கியால் அடக்கினார்கள். அந்த நினைவு இருக்கும் வீட்டில் கள்ளிலிருந்து வடித்ததை ஊறுகாயில் ஊற்ற யாருக்கு மனம் வந்திருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் நம் வீட்டுப் புளிப்பு புளியாகவும் எலுமிச்சையாகவுமே நின்றுவிட்டதை இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

சூக்காவையும் எலுமிச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் ஆள் நானில்லை. 1747ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் அதைச் செய்தார். நெடும்பயணத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்து மாலுமிகள் மடிந்துகொண்டிருந்த காலம். ஸ்கர்வி என்ற அந்த நோய் கண்ட 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வைத்தியம் கொடுத்தார். ஒரு ஜோடிக்கு தினமும் மூன்று வேளை இரண்டு கரண்டி சூக்கா. இன்னொரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். வேறொரு ஜோடிக்குப் பூண்டு, கடுகு சேர்த்த லேகியத்தோடு புளி கரைத்த பார்லித் தண்ணீர். பெரியம்மாவின் ஐஸ்பெட்டியில் இருப்பவை எல்லாம் அந்தக் கப்பலில் இருந்தன. ஆறு நாளில் பழங்கள் தீர்ந்துபோயின. அதற்குள்ளாகவே பழம் தின்றவர்களில் ஒருவர் ஏறத்தாழ வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். சூக்கா குடித்தவர்களிடம் அப்படி ஒரு தேற்றம் காணப்படவில்லை.

புளிப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதை அந்தக் கப்பல் அன்றே காட்டிவிட்டது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலத்தோடு வைட்டமின் சி இருக்கிறது. புளியில் டார்டாரிக் அமிலம். சூக்காவில் அசெட்டிக் அமிலம், பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு. ஆப்பிளிலிருந்து செய்தாலும் ஒரு கரண்டி சூக்காவில் ஆப்பிளின் சத்து என்று சொல்லும்படி ஏதும் மிஞ்சுவதில்லை. போத்தல் சீட்டில் பழத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு விற்கும்போது நாம் பழத்தை வாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் வாங்குவது அமிலத்தை.

அந்த அமிலத்துக்கென்று ஒரு குணம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2004இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரல் ஜான்ஸ்டனும் அவருடைய குழுவினரும் ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். 20 கிராம் ஆப்பிள் சூக்காவை 40 கிராம் தண்ணீரில் கலந்து, சீனிக்குப் பதில் சாக்கரின் சேர்த்துக் கொடுத்தார்கள். உடனே ரொட்டியும் வெண்ணெயும் ஆரஞ்சுச் சாறும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள், இன்சுலினுக்கு உடல் மந்தமாகப் பதில் தரும் நிலையில் இருந்தவர்களிடம் இன்சுலின் வேலை செய்யும் திறன் 34 விழுக்காடு கூடியது. இனிப்புநீர் முற்றியவர்களிடம் 19 விழுக்காடு. பங்கேற்றவர்கள் 29 பேர்தான் என்றாலும் பின்னால் வந்த பல சிறு ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையைக் காட்டின. மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டோடு சூக்கா சேரும்போது இரத்தச் சர்க்கரை சற்று மெதுவாக ஏறுகிறது. வயிறு காலியாகும் வேகத்தை அமிலம் குறைப்பது இதற்கு ஒரு காரணம்.

பெரியம்மாவிடம் நான் விரல் வைத்துக் காட்டியது இந்த இடத்தைத்தான். ஆய்வில் சூக்கா சாப்பாட்டோடு போனது. அவர் குடிப்பது விடிகாலை வெறும் வயிற்றில், இட்லி ஒன்பது மணிக்கு. அமிலம் எந்த மாவைப் பிடித்து நிறுத்தும்? அங்கே மாவே இல்லை.

இந்த வேலை சூக்காவுக்கு மட்டும் சொந்தமா? பிரான்சின் இன்ரே ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பத்துப் பேருக்கு ரொட்டியோடு கால் லிட்டர் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். வேறொரு நாள் அதே ரொட்டியோடு வெறும் தண்ணீர். எலுமிச்சை குடித்த நாளில் இரத்தச் சர்க்கரையின் உச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு தாழ்ந்தது. அந்த உச்சம் அரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகவும் வந்தது. வாயில் ஊறும் உமிழ்நீரில் மாவைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. புளிப்பு மிகுந்தால் அது செயலிழந்துவிடும் என்பது அவர்கள் தந்த விளக்கம். 2020இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மதியச் சாப்பாட்டில் சோற்றின் மேல் ஊற்றும் ரசம். புளி கரைத்த நீரைச் சோற்றோடு பிசைந்து உண்பது நம் வீட்டில் என்றும் உள்ளது. எலுமிச்சைச் சாறு கெட்டிப் புளிப்பு, ரசம் அதைவிட இளகியது. ஆகவே அதே அளவு பலன் ரசத்தில் கிட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புளிப்பைச் சாப்பாட்டோடு சேர்ப்பது என்ற முறையில் நம் அடுப்பங்கரை ஆய்வகத்துக்கு அருகில்தான் இருந்திருக்கிறது. அதைவிட்டு விலகிப் போனது காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் புதுப் பழக்கம்.

உடல் எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சொல்ல அதிகம் இல்லை. 2009இல் ஜப்பானில் உடல் பருத்தவர்களுக்கு 12 வாரம் தினமும் 15 அல்லது 30 மில்லிலிட்டர் ஆப்பிள் சூக்கா கலந்த பானம் கொடுத்த ஆய்வில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை குறைந்தது. செய்தவர்கள் சூக்கா தயாரிக்கும் மிட்ஸ்கான் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2024இல் லெபனானிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு 12 வாரத்தில் ஆறேழு கிலோ குறைந்ததாகச் சொன்னது. உலகம் முழுக்கச் செய்தியானது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. வேறு வல்லுநர்கள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது அந்த முடிவுகள் வரவில்லை. தரவிலும் ஒழுங்கீனங்கள் இருந்தன. அந்தக் கட்டுரையை வெளியிட்ட பிஎம்ஜே குழுமம் 2025 செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற செய்தி எங்கள் குழுவுக்கு வரவே இல்லை. ஏற்கெனவே போத்தல் வாங்கியவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இனி இனிப்பு. என் கணக்கில் இந்த ஒப்பீட்டின் உயிர்நிலை புளிப்பைவிட இங்கேதான் இருக்கிறது.

பெரியம்மாவின் சூக்கா போத்தலைத் திருப்பி, பின்பக்கச் சீட்டை அவருக்குப் படித்துக் காட்டினேன். இந்த நாட்டுச் சட்டப்படி எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். தண்ணீர், சீனி, ஆப்பிள் சூக்கா, தேன், சுவையூட்டி என்று வரிசை போயிற்று. சூக்காவுக்கு முன்னால் சீனி. 100 மில்லிலிட்டரில் 38 கிராம். அவர் ஊற்றிக்கொள்வது மூன்று மேசைக்கரண்டி. அப்படியென்றால் காலை முதல் கிளாஸிலேயே 17 கிராம் சீனி போகிறது. அமிலமோ அரிசோனாவில் கொடுத்த அளவைவிடக் குறைவு. வேறு சில போத்தல்களில் 'சூக்கா தீருவான்' என்றே எழுதியிருக்கும். அது நொதித்து வந்ததல்ல, அமிலத்தை நீர்த்துச் செய்தது.

பானகத்தையும் விட்டுவிடவில்லை. நான்கு கிளாஸுக்கு அவர் போடுவது 120 கிராம் வெல்லம். கிளாஸுக்கு 30 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் இனிப்பு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. ஒரே கிளாஸில் அது தாண்டிவிடுகிறது. "வெல்லம்தானேம்மா, சீனி இல்லையே, இரும்புச்சத்து இருக்குதே" என்றார். வெல்லத்தில் கொஞ்சம் தாதுக்கள் இருப்பது மெய்தான். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரை. கணையத்துக்கு அது கரும்பிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா என்று தெரியாது. கருப்பட்டியை நம் பாட்டிமார் மருந்தாக வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் அதைத் தினமும் கிளாஸ் கிளாஸாகக் கரைத்துக் குடிக்கவில்லை என்பதும் உண்மை.

பானகத்தின் பக்கம் நின்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது வரவேற்பறைப் பானமாகப் பிறந்ததல்ல. தைப்பூசத்தை ஒட்டி இரவில், ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் உள்ள, 1873இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பலர் வெறுங்காலோடு நடப்பார்கள். அதற்கு மேல் 272 படிகள். காவடி எடுப்பவர்களுக்கு முன்னதாக நாட்கணக்கில் விரதம் வேறு. அந்த வழியில் தண்ணீர்ப்பந்தலில் ஒரு கிளாஸ் பானகத்தை நீட்டினால், வியர்த்துக் கொட்டிய உடம்புக்கு நீரும் சர்க்கரையும் ஒன்றாகக் கிடைக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் குடல் நீரை விரைவாக உறிஞ்சும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. அதில் ஒரு லிட்டருக்குக் குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். எலுமிச்சையின் அமிலத்தோடு உறவுடைய சிட்ரேட்டும் உண்டு. பானகத்தில் வெல்லம் அதைவிடப் பல மடங்கு. வெல்லத்தைக் குறைத்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் பானகம் அந்தக் கரைசலின் பக்கம் நகரும். சில வீடுகளில் உப்புப் போடும் வழக்கம் முன்பே இருக்கிறது.

நடந்தவருக்கு இது மருந்து. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தபடி குடிப்பவருக்கு இது வேறு. 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடம் மற்ற இனத்தவரைவிட அதிகம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு எந்தப் பானத்தைப் பற்றியும் 'உடம்புக்கு நல்லது' என்று மொட்டையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அரசு 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள போத்தல் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2024இல் அது 50 சென், 2025இல் 90 சென். வரி தொழிற்சாலைப் போத்தலைத் தொடும். நம் வீட்டுப் பானகத்தையும், மாமாக் கடையில் கண்ணெதிரே கலக்கித் தரும் லிமாவ் அசாம் போயையும் தொடாது. அங்கே காப்பாற்றுவது நாம் வாயைத் திறந்து சொல்லும் 'குராங் மானிஸ்' (இனிப்பைக் குறை) என்ற இரண்டு சொற்கள்தான். அதில் போடும் அசாம் போய்க் கனியில் உப்பும் நிறைய. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தக் கனியைக் கிளாஸோடு விட்டுவிடுவது நல்லது.

கெடுதல்களில் இரண்டுக்கும் பொதுவானது பல். பல்லின் மேற்பூச்சு, அமிலத்தன்மை பிஎச் 5.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். சூக்கா, எலுமிச்சை, புளி மூன்றும் அதற்கு வெகு கீழே, 2க்கும் 3க்கும் அருகில். பானகத்தில் அமிலத்தோடு இனிப்பும் சேர்கிறது. தினமும் காலையில் சூக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிப்பவருக்கு அன்றாடச் சேதம். குடித்ததும் பல் துலக்குவது இன்னும் மோசம், இளகிய பூச்சைத் தேய்த்து எடுத்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

சூக்காவுக்கே உரிய ஆபத்துகளை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் 28 வயதுப் பெண் ஒருவர் ஆறு ஆண்டுகள் தினமும் கால் லிட்டர் ஆப்பிள் சூக்கா குடித்துவந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, எலும்பு தேய்ந்து மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவர்கள் 1998இல் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு யாரும் குடிக்க மாட்டோம் என்பது சரிதான். ஆனால் இரத்த அழுத்தத்துக்கு நீர்போக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறையும் வாய்ப்பு இருக்கிறது. அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தினசரி சூக்காவில் இறங்கக் கூடாது. இன்னொன்று இனிப்புநீர்க்காரர்களுக்கே உரியது. பல ஆண்டு நோயில் வயிற்று நரம்பு பழுதாகி, உண்டது இறங்காமல் தங்கும் நிலை சிலருக்கு வருகிறது. ஸ்வீடனின் மால்மோவில் 2007இல் அப்படிப்பட்ட பத்து நோயாளிகளிடம் சோதித்தபோது, சூக்கா வயிற்றை மேலும் மந்தமாக்கியது. இன்சுலின் ஊசியைச் சாப்பாட்டு நேரத்தோடு பொருத்திப் போட்டுக்கொள்பவருக்கு அந்தத் தாமதம் சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடும். நல்லது செய்யும் அதே குணம் இங்கே எதிராகத் திரும்புகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இரண்டு புளிப்பும் ஆகாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பானகம்தான் அதிகக் கவனம் கேட்பது. புளியிலும் வெல்லத்திலும் பொட்டாசியம் இருக்கிறது. கல் அடைப்பு வந்து போனவர்களுக்கோ சீனி போடாத எலுமிச்சைத் தண்ணீர் நல்ல துணை. அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு கல் கட்டவிடாமல் தடுக்கும். சூக்காவில் சிட்ரேட் கிடையாது.

தேனும் சூக்காவும் கலந்த பானம் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். கிரேக்க வைத்தியர்கள் அதை ஆக்சிமெல் என்றார்கள். பாரசீகத்தில் அது சிக்கன்ஜபீன், யுனானி வைத்தியத்தில் இன்றும் இருக்கிறது. அந்த வைத்தியங்களில் அது நோய்க்கு அளந்து கொடுத்த மருந்து. பானகமும் தினப்படிப் பானம் அல்ல. சித்திரை வெயிலுக்கு, ராமநவமிக்கு, திருவிழாவுக்கு என்று நாள் பார்த்து வந்தது. இரண்டையும் அன்றாடத்துக்கு இழுத்து வந்தது ஐஸ்பெட்டியும் கடை அலமாரியும்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. சொன்னபோதும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ இத்தனை நாள் குடிச்சதெல்லாம் வீணா?" என்று கேட்டபோது அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு வலித்தது. மாத்திரைக்கும் ஊசிக்கும் நடுவே தன் கையால் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய ஒரு நல்ல காரியம் என்று அவர் அதை நம்பியிருந்தார். அந்த விருப்பத்தைப் பறிக்கக் கூடாது, அதற்குச் சரியான இடம் காட்ட வேண்டும் என்று பட்டது.

அடுத்த முறை பசாருக்குப் போனபோது தேனோ சீனியோ இல்லாத வெறும் ஆப்பிள் சூக்கா சின்னப் போத்தல் ஒன்று வாங்கினோம். வெள்ளரிக்காய், அன்னாசி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயை அரிந்து, ஒரு மேசைக்கரண்டி சூக்காவும் உப்பும் போட்டுப் பிசறி மதியச் சோற்றுக்கு முன்னால் வைத்தார். மலாய்க்காரர் செய்யும் அச்சார்தான், சீனி மட்டும் இல்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, வெள்ளரிக்காயை முதலில் சாப்பிட்டுவிட்டு, ரசம் ஊற்றிக்கொண்டார். மாத்திரையை நிறுத்தவில்லை. சூக்கா சேர்த்துக்கொள்வதைக் கிளினிக்கில் சொல்லவும் செய்தார்.

பானகம் இப்போது தைப்பூசத்துக்கு மட்டும். பந்தலில் அவர் பங்குக்கு ஒரு பெரிய குவளை. வெல்லத்தைப் பாதியாக்கி, எலுமிச்சையும் சுக்கும் கூட்டி, கல்லுப்பு ஒரு பிடி போட்டார். குடித்துப் பார்த்த இளவட்டங்களில் சிலர் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள். சிலர் இனிப்புப் பற்றவில்லை என்றார்கள். அவர்களுக்குப் பக்கத்துப் பந்தலைக் காட்டினார்.

தேன் கலந்த அந்தப் பழைய போத்தல் காலியானதும் அதைச் சுடுநீரில் கழுவி வெயிலில் கவிழ்த்தார். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது.